ஒரு சொட்டும் ஒழுகாது

கோண்டாவில் சந்தியில் ஊசி சிவப்பைத் தொட்டது.
போனற்றை நான் திறக்க முதலே
ஆவி எனக்கு முகம் கழுவிவிட்டது.
பின்சீற்றில் இருந்த பெண்
பேசின காசில் பாதியை வைத்துவிட்டு
பிள்ளையையும் பலகாரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு
ஓட்டோ பிடித்துப் போனாள்.
நானும் ஒஸ்ரினும் வெயிலும் மிச்சம்.

குருநகரில் யோக்கீம்
றேடியேற்றரைக் கழற்றி மடியில் கிடத்தினான்.
காதில் செருகின வயரில்
யாரோ சிக்ஸர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.
மேல்தொட்டியின் ஈயத்தை உருக்கித் திறந்து
எட்டிப் பார்த்தான்.
"அண்ணை, உள்ளுக்கை கறி வச்சிருக்கினம்."

மஞ்சள்.
குழாய் வாய்களில் அப்பி,
அடிப்பிடித்த பொங்கலாய் இறுகி.
கால் கிலோ தூளாவது இருக்கும்.
இரண்டு முட்டை வெள்ளையும்
ஓட்டையை அடைக்க ஊற்றியிருக்கிறார்கள்.
விற்கும் நாள் மட்டும் தாங்கினால் போதுமென்ற
கைப்பக்குவம்.

அதற்கும் கீழே வெள்ளைக் கல்.
அது ஒருவரும் ஊற்றினதில்லை.
அறுபது வருசமாய் வாளி வாளியாய்
விட்ட கிணற்றுத் தண்ணி
கொதித்து ஆவியாய்ப் போக,
கூட வந்த சுண்ணாம்பு மட்டும் இறங்கவில்லை.
எங்கள் வீட்டுக் கேத்திலிலும் அதே தடிப்பு.
இந்த ஊர்த் தண்ணி
கல்லைக் கொஞ்சம் தின்றுவிட்டுத்தான்
வாளிக்கு வருகிறது.

விசுவலிங்கம் இந்தக் காரை எனக்கு வித்த அன்று
பிள்ளையார் வாசலில் தேங்காய் உடைத்து,
தண்ணி கையில் வடிய வடியச் சொன்னார்:
"தம்பி, ஒரு சொட்டும் ஒழுகாது."
பொய்யில்லை.
ஒழுகவில்லை.
ஓடவும் இல்லை.

பஞ்சிகாவத்தைக்குப் போன் போட்டோம்.
அலுமினியம், பிளாஸ்ரிக் தொட்டி,
ஏதோ ஜப்பான் வானுக்கு வந்தது,
முப்பத்தெட்டாயிரம்.
"பிறக்கெற்றை வெட்டி ஒட்டினால் ஏறும்" என்றான் யோக்கீம்,
"மச்சானின்ரை கலியாணச் சேட்டு ஏறுமாப் போலை."

வேண்டாம் என்றேன்.

மெல்லிய தகட்டை ஒவ்வொரு குழாயிலும் விட்டுக் குத்தினான்.
எண்பத்திரண்டில் பன்னிரண்டு வழிவிடவில்லை.
அவற்றின் வாயை ஈயத்தால் மூடினான்.
தொட்டியில் தாட்டுக் காற்றடித்தான்.
மூலையில் ஒரு குமிழி,
கடுகளவு, பிறகு இன்னொன்று.
திரும்ப ஊதுவிளக்கு, திரும்பத் தொட்டி.
மூன்றாம் தரம் தண்ணி அசையவேயில்லை.
அவன் காதில் ஆரோ அவுட்.

"ஆறாயிரத்தைந்நூறு. எழுபது குழாய் காணும்.
நடுமத்தியானம் வல்லிபுரக்கோயிலுக்கு மட்டும் போகாதேங்கோ.
இனிக் கிணத்துத் தண்ணி விடாதேங்கோ,
போத்தல் தண்ணிதான்."
வீட்டில் நாங்களே போத்தல் தண்ணி குடிப்பதில்லை.
வங்கிக்குப் பின்னால் ஏசி சொட்டும் இடத்தில்
காவல்காரனுக்கு ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்து
கானை வைத்திருக்கிறேன்.
ஒரு பகலுக்கு நாலு லீற்றர்.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது,
பெரியாஸ்பத்திரிக்கு ஹயர்.
விசுவலிங்கம்.
நாலு நாளாய் நான் பேசிப் பழகின பேச்சு
தொண்டையில் இருந்தது.
சீற்றுக்குக் கீழே ஷொப்பிங் பையில்
மஞ்சள் கட்டி, சாட்சிக்கு.

விலாவைப் பொத்திக்கொண்டு ஏறினார்.
கிட்னியிலை கல்லாம். மூன்றாம் தரமாம்.
பள்ளம் வரும்போதெல்லாம்
பல்லுக்குள்ளால் காற்றை இழுத்தார்.
பள்ளங்களுக்கு முன்னமே நான் கியரைக் குறைத்தேன்.
ஊசி நடுவில் நின்றது.
அதை எட்டிப் பார்த்து,
அந்த நோவுக்குள்ளும் ஒரு பெருமை:
"பாத்தியே, நான் அண்டைக்கே சொன்னனான்..."

கொக்குவிலில் நிப்பாட்டச் சொன்னார்.
மதில் பக்கம் திரும்பி
கனநேரம் நின்றார்.
ஒரு பஸ் போனது. இன்னொன்றும் போனது.
எஞ்சினை நிப்பாட்டாமல் காத்திருந்தேன்.
வியர்த்துப்போய் வந்து கதவைச் சாத்தி,
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:
"ஒரு சொட்டும் வரேல்லைத் தம்பி."

பையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினேன்.
ஹயர்க் காசில்
ஒரு ரூபாயும் குறைக்கவில்லை.