பயல் எங்க இருக்கான்

ஊருக்குப் போன பிலிப்பினோக்காரன்
பதினைந்து தினாருக்குத் தள்ளிவிட்ட பிளேஸ்டேஷனில்
ஒரே ஒரு விளையாட்டுதான் இருந்தது.
பனிமலையில் தபால் கொண்டுபோகும் பையன்.
அவன் நடக்க நடக்கக்
கூடவே கதை சொல்லும் கரகரத்த ஆங்கிலக் குரல்.

அன்வர்தீன்தான் விளையாடுவான்.
அவனேதான் தமிழிலும் சொல்வான்:
"ஷூ நனைஞ்சிருச்சாம்.
திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு நெனைக்கிறானாம்."

மஹ்பூலாவில் பஸ் இறக்கிவிட்டதும்
ஹெல்மெட்டைக் கழற்றுமுன் கேட்போம்,
பயல் எங்க இருக்கான்?
சம்பளம் வராத இரண்டு மாதமும்
சீனிமுத்து அதை மட்டும் கேட்கத் தவறவில்லை.
"பொம்மைக்குப் போயி" என்பார் தேவசகாயம்
முதுகைக் காட்டிச் சப்பாத்தி மாவு பிசைந்தபடி.

ஜூலையில் ஒரு வியாழன் இரவு
பாலம் உடைந்தது.
பையன் பனியில் உட்கார்ந்தான், பிறகு சரிந்தான்.
அன்வர்தீன் அழுத்திய எந்தப் பொத்தானுக்கும்
எழவில்லை.
குரல் மெதுவாக ஏதோ சொன்னது.
அதில் ஒரு சொல் எனக்குத் தெரியும்.
சைட்டில் சேர்ந்த முதல் நாள்
மண்டையோட்டுப் படத்துக்குக் கீழே
எழுதிக் காட்டிய சொல்.

"என்னடா சொல்றான்?"

அன்வர்தீன் எச்சில் விழுங்கினான்.
"அசதியாம்.
தூங்குறானாம்."

அந்த 'ஆம்'மை
ஆறு பேரும் பிடித்துக்கொண்டோம்.

தேவசகாயம் மாவுக் கையோடு வந்து
ஏசியை நிறுத்தினார்.
வெளியே ராத்திரியிலும் நாற்பது டிகிரி.
விடியும்வரை
வேர்த்துக்கொண்டு கிடந்தோம்,
போடுங்கள் என்று
ஒருவரும் சொல்லவில்லை.