நாற்பத்தைந்து நிமிடம்

பிஸ்கட் செய்யும் அந்தக் கம்பனி உலகத்தில் இல்லை.
அதன் கடன் முழுக்க எனக்குப் பாடம்.
பணிப்பாளர் ஏழு பேரின் பெயரும்
யாருக்கு யாரோடு முறைப்பு என்பதும்.
வெள்ளிக்கிழமை கொழும்பில் சோதினை,
வியாழன் இரவு ரயில்.

உட்துறைமுக வீதி வாங்கில்.
போனில் நாற்பத்தைந்து வைத்தேன்.
‘நிதிப் பணிப்பாளருக்கு, தாங்கள் கேட்டபடி…’
முதல் பந்தி முடியமுன்
பதினொரு நிமிடம் போயிற்று.

மான் ஒன்று வந்து
பையை மோந்து
காசுப்பாய்ச்சல் பக்கத்தை உருவியது.
பிடுங்கவில்லை.
பிடுங்கினால் அதுக்கொரு மூன்று நிமிடம்.

ஐஸ் பக்டரியிலிருந்து சுகிர்தன்:
“அக்கா, மூதூர் போட்காரர்
இந்தக் கிழமையும் கடனுக்குக் கேக்கினம்.
குடுக்கலாமோ?”
பழைய பாக்கி எவ்வளவு,
வாடை எப்ப விழும்,
அறையில் எத்தனை கட்டி உருகுது.
“பாதி குடு.
மிச்சம் மீன் வந்த பிறகு.”
நாற்பது விநாடி.
தலைப்புக் கேட்கவில்லை அவன்,
அனுகூலம் பிரதிகூலம் கேட்கவில்லை.
சரியக்கா என்றான்.

திரும்பினால்
மூன்றாம் கேள்வி வெள்ளையாய்க் கிடக்குது.
போன் கத்துகிறது.
மான் இன்னும் மெல்லுகிறது
அவசரமே இல்லாமல்
அடுத்த காலாண்டை.