நூறு மீட்டர்

எல்லாரும் குளிக்கப் போகையில்
கைக்கடிகாரத்தைக் கழற்றி வைப்பார்கள்.
இவர் குளிக்கப் போகையில்தான்
எடுத்துக் கட்டுகிறார்.

பெருமாள்புரம் வீட்டில்
பீரோவின் இரண்டாம் தட்டு,
என் பட்டுச்சேலை மடிப்புக்குள்ளிருந்து
காலை ஆறேகாலுக்கு வெளியே வரும்.
துண்டுக்கடியில் மறைத்து எடுத்துப்போவார்,
நான் என்னமோ அடுத்த வீட்டுக்காரி மாதிரி.

ஆபீசுக்குக் கட்ட முடியாது.
வாரியத்து உதவிப் பொறியாளர் சம்பளம்
பியூன் வரைக்கும் தெரியும்.
கல்யாண வீட்டுக்கு முடியாது.
நாத்தனார் மாப்பிள்ளை துபாய்க்காரர்,
டயலைப் பார்த்தே விலை சொல்லிவிடுவார்.
கோயிலுக்குக் கட்டலாம்தான்,
அங்கேயும் பியூன் வருவார்.
மிச்சமிருப்பது
நாலடிக்கு ஆறடிக் குளியலறை.

"குளிக்கும்போது கட்டலாமா, கெட்டுராதா?"
ஒருநாள் கேட்டேவிட்டேன்.
"நூறு மீட்டர் தாங்கும்ட்டி."

நூறு மீட்டர்.
நான் கணக்கு டீச்சர்.
பாபநாசம் அணை நிறைந்தால்
நூற்று நாற்பத்து மூன்று அடி.
அப்படி இரண்டு அணையை
ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி
அடியில் இதைப் போட்டாலும்
நாற்பத்திரண்டு அடி தெம்பு பாக்கி.
எங்கள் ஷவரில் வருவதோ
மோட்டார் போட்டாலும் நூல் நூலாய்.

கூட வந்த சின்னப் புத்தகத்தை
நான்தான் உட்கார்ந்து படித்தேன்.
ஆழம் ஒன்றும் செய்யாதாம்.
சோப்பு ஆகாது, வெந்நீர் ஆகாது,
சூடும் குளிரும் மாறி மாறி ஆகவே ஆகாது.
உள்ளே ஒரு ரப்பர் வளையம்,
தலைமுடி கனம்தான்,
எல்லாம் அதை நம்பி.

வளையம் என்றதும் எனக்கு
மூன்றாவது தெரு முக்கு ஞாபகம் வந்தது.
போன வருஷம் பதித்த குழாய்.
இணைப்பில் போட்ட வளையம் ஆறு மாசம் தாங்கவில்லை.
தார் பிளந்து செம்மண் தண்ணீர்
ராவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது.
யார் வீட்டு எருமையோ வந்து படுத்துக்கொள்கிறது.
அழுத்தச் சோதனை முடிந்ததாகத் தாளில் இருக்கும்.
கீழே இவர் கையெழுத்து,
முத்து முத்தாய்.
அந்தத் தீபாவளிக்குத்தான்
காண்ட்ராக்டர் திரவியக்கனி வந்தார்.
இரண்டு கிலோ அல்வா,
அதற்கடியில் பெட்டி.
பெட்டியின் ஒரு மூலையில் நெய்க்கறை
இன்றைக்கும் போகவில்லை.

கையசைவில் ஓடும் ஜாதி அது.
பீரோவுக்குள் நின்றுபோகும்,
முதுகு தேய்க்கையில் மறுபடி ஓடும்.
அது காட்டுவது யாருடைய நேரமும் இல்லை.
இவர் குளித்த பொழுதையெல்லாம்
கூட்டிப் போட்டால் வருகிற நேரம்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை
கண்ணாடிக்குள் பனி.
மூன்றுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு.
துண்டோடு வந்து நின்றார்,
தலையில் நுரை அப்படியே.
"நூறு மீட்டர்னானே" என்றார்
என்னைப் பார்த்து.

சென்னைக்குக் கொண்டுபோனால் கார்டு கேட்பான்.
கார்டில் யார் பெயர்?
வண்ணாரப்பேட்டையில் கொடுத்தால்
கடைக்காரர் கடிகாரத்தை விட்டுவிட்டு
இவரை மேலும் கீழும் பார்ப்பார்.

அரிசிப் பானையில் புதைத்தோம்.
அம்பை பதினாறு, புது மூட்டை.
அரிசி ஈரத்தை இழுக்கும் என்று
சொன்னதும் நான்தான்.
அந்த மட்டில் எனக்கும் பங்கு.

பதினோரு மணிக்கு
மூன்றாவது தெரு செய்யதலி பாத்திமா
குடத்தோடு வந்தாள்.
"சார்ட்ட சொல்லுங்க டீச்சர், நாலு நாளாச்சு."
"சொல்லுதேன்."
இரண்டு நடையாக இரண்டு குடம் பிடித்துப்போனாள்.
படியில் சிந்தியதை
அவளே முந்தானையால் துடைத்தாள்.

உலை கொதித்தது.
உழக்கை விட்டு அரிசி அள்ளினேன்.
உள்ளே எதிலோ இடித்தது.
குனிந்து காது வைத்தால்
என் கை அசைத்த அசைப்பில்
அது ஓடத் தொடங்கியிருந்தது.

போட்டது இரண்டு உழக்கா, மூன்றா.
விட்டுப்போய்விட்டது.
எல்லாவற்றையும் திரும்பக் கொட்டி
முதலிலிருந்து அளந்தேன்.