லைனில் இருங்கள்

பதினோரு வருடம் இரவுப் பணி.
அக்ராவில் ஒரு தனியார் வானொலி, நான்காம் மாடி,
நான்கு தொலைபேசி, ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்பு.
நாற்பத்தொரு வயதில்
ஊடகமும் தொடர்பியலும் முதுகலை சேர்ந்தபோது
முதல் வாரமே எனக்கொரு பெயர் இருப்பது தெரிந்தது:
வாயிற்காப்போர்.
பலகையில் ஒரு பெட்டி, அதற்குள் நுழையும் ஒரே அம்பு,
வெளியே முட்டி மடங்கிய நிறைய அம்புகள்.
பதினேழு பேர் குறித்துக்கொண்டார்கள்.
நான் என் கட்டைவிரலைப் பார்த்தேன்.

பக்கத்து இருக்கை ரஷாதா, இருபத்துமூன்று வயது,
காதோரம் சொன்னாள்:
"பழைய கோட்பாடு அக்கா,
இப்போதெல்லாம் வாசலில் யாரும் நிற்பதில்லை."
நேற்றிரவு இரண்டு மணிவரை
நின்றுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

முதல் தவணைக்குக் குளிர்பெட்டியை விற்றேன்.
அந்தப் பருவம் முழுக்க மீனை அன்றன்றே தின்றோம்.

முனைவர் ஆஷிட்டே என்னைவிட எட்டு வயது இளையவர்.
"ஆய்வுக் கேள்வி?" என்றார்.
"நிகழ்ச்சியில் பேச வந்தவர்கள் யார் யார்" என்றேன்.
"பேசியவர்களா, வந்தவர்களா?"
இரண்டும் ஒன்றில்லை என்பது
வீடு திரும்பும் ட்ரோட்ரோவில்,
யாரோ ஒருவரின் கோழிக்கூடை முழங்காலில் இடிக்க,
மெல்ல உறைத்தது.

நிலையத்தின் கிடங்கில் அழைப்புப் பதிவேடுகள்,
ஈரம் ஏறிய இருபத்தாறு நோட்டுகள்.
தேதி. நேரம். பெயர். எண். முடிவு.
முடிவுக்குக் குறியீடு உண்டு:
ஒன்று என்றால் ஒலிபரப்பானது. இரண்டு, லைன் அறுந்தது.
மூன்று, பேச்சில் தெளிவில்லை.

வரி வரியாகக் கணினியில் ஏற்றினேன்.
தரவு என்று சொல்லப் பழகியிருந்தேன்;
தரவு என்றால் கை நடுங்காது.
நாலாயிரத்துச் சொச்சம் வரிகள் ஆனதும்
அகரவரிசைப் பொத்தானைச் சும்மா ஒருமுறை தட்ட,
ஒரே பெயர் திரை முழுக்க இறங்கியது.

செனானு. செனானு. செனானு.
மூன்று. மூன்று. மூன்று.
கையெழுத்து என்னுடையது.

நினைவு வந்தது. கிழக்கே கடலோரத்து ஆள்.
கடல் இன்னும் எத்தனை வீடு தள்ளி நிற்கிறது என்று
மழைக்காலம்தோறும் எண்ணிச் சொல்வார்:
ஏழு வீடு. ஐந்து வீடு. பள்ளிக்கூடச் சுவர்.
தெளிவாகத்தான் சொன்னார்.
எவே மொழியில்.
நிகழ்ச்சி ஆங்கிலம், இல்லையென்றால் ட்வி;
அது நிலையத்தின் விதி.
அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது,
நான் கனவு காண்பதே அதில்தான்.
புரிந்துகொண்டே எழுதினேன், தெளிவில்லை என்று.

இதை எந்த அத்தியாயத்தில் வைப்பது?
ஆய்வாளரின் நிலைப்பாடு என்றொரு துணைத்தலைப்பு உண்டு;
அரைப் பக்கம் போதும் என்கிறது கையேடு.
ஆறு முறை எழுதி ஆறு முறையும் அழித்தேன்.
பிறகு, விடுப்பு எடுத்த ஓர் இரவில்,
நோட்டிலிருந்த எண்ணை அழுத்தினேன்.

பதிவுக் கருவி ஓடுகிறது. ஒப்புதல் படிவம் மேசையில்.
ஒரு பெண் எடுத்தாள்.
எயராம் என்றேன், பல்கலைக்கழகம் என்றேன்,
வானொலியைச் சொல்லவில்லை.
"அப்பா நிகழ்ச்சி கேட்டுக்கொண்டிருக்கிறார்.
நடுவில் எழுப்பினால் கோபம் வரும்.
லைனில் இருங்கள்."

போனை எதன்மீதோ வைத்த சத்தம்.
அப்பால் எங்கள் நிலையத்தின் முகப்பிசை.
அதற்கும் அப்பால் அலை.
அலை இவ்வளவு கிட்டவா?

உரையாடலை எழுத்தாக்கும்போது மௌனத்தை
அடைப்புக்குறிக்குள் நொடிக்கணக்கில் குறிக்க வேண்டும்.
பேசாதிருப்பவர் பெயரையும் இடப்பக்கம் போட வேண்டும்.

நான்: (12)
நான்: (40)
வானொலியில் யாரோ ஏதோ சொல்ல ஆரம்பித்து
எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சின்ன 'டிக்'.
அடுத்த நேயர் என்கிறார்கள்.
நான்: (95)