திரும்பிப் போகிற லொறி

பண்டாரவளைக்கு மாற்றம் என்று கடிதம் வந்த கிழமை
வீட்டில் எல்லாவற்றுக்கும் லொறியில் ஓர் இடம் கிடைத்தது.
அலுமாரிக்கு, கிரைண்டருக்கு,
மீன்தொட்டியின் அடியில் கிடந்த கல்லுக்குக்கூட.
என் ஸ்கூட்டிக்கு மட்டும் இல்லை.

"ஒண்டு காணும்" என்றார் தயாபரன்,
தன் பல்சரை முதலே ஏற்றிவிட்டுக் கணக்குப் பார்த்தவர்.
"உது மலையிலை ஏறாது.
வித்திட்டு அங்கை ஒண்டு பாப்பம்."

வாங்க வந்தவர் உரும்பிராய்.
ரயரை நகத்தால் கீறினார்,
சைலன்சருக்குப் பக்கத்தில் குந்தி இருமினார்,
பதினெட்டு மாதம் நான் சீட்டுக் கட்டிய காசில்
பாதியைச் சொன்னார்.
தேத்தண்ணி ஆறியது. அவர் போனார்.

கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்.

ஓட்டிக்கொண்டே போனால்
இரண்டரைத் தாங்கி பெற்றோல், ஓர் இரவு லொட்ஜ்,
மிச்சக் காலத்துக்கு முதுகு.

பஸ்காரப் பொடியன்
"படுக்க வைச்சுத்தான் அக்கா ஏத்தலாம்" என்றான்,
காய்ச்சல்காரரைப் பற்றிச் சொல்வது போல.

ஸ்டேஷன் பார்சல் கந்தோரில்
விரலெல்லாம் முத்திரை மை பூசிய ஒருவர்
மறைக்காமல் சொன்னார்:
"புத்தகக் கொப்பி வேணும், சாக்குச் சுத்தோணும்,
தாங்கியிலை ஒரு துளி நிக்கக்கூடாது.
கொழும்பிலை இறக்கி மற்ற ரெயிலிலை மாத்துவினம்.
எப்ப மாத்துவினம் எண்டு மட்டும் என்னைக் கேளாதேங்கோ."

தாளில் இடம் முடிந்தது.

விடிய நாலரைக்குத் திருநெல்வேலிச் சந்தை.
கத்தரிக்காய் வாங்கத்தான் போனேன்.
வெலிமடை லொறி ஒன்று
லீக்ஸும் கரட்டும் இறக்கிக்கொண்டு நின்றது.
ஈரச் சாக்கில் இன்னும் அந்த ஊர்க் குளிர்.
கடைசிப் பெட்டி இறங்க, லொறி ஒரு சாண் உயர்ந்தது.
அந்த ஒரு சாணைப் பார்த்தபடி கேட்டேன்:
"திரும்பிப் போகேக்கை என்ன ஏத்துவீங்கள்?"

திலகசிறி, சந்தையில் பழகிய தமிழில்,
"சில நாள் முருங்கக்கா. சில நாள் காத்துதான், நோனா."

பன்னிரண்டாயிரம் என்றான். எட்டு என்றேன்.
சந்தை என்பதால் இருவருக்கும் வெட்கமில்லை.
ஒன்பதில் நின்றது,
வழியில் குடிக்கத் தேத்தண்ணிக் காசு வேறாக.

பின்னேரம் பெற்றோல் இறக்க வேண்டும்.
தயாபரன் குழாயை வாயில் வைத்து இழுத்து,
துப்பி, போத்தலில் விட்டார்.
மஞ்சளாய் ஒன்றரைப் போத்தல்.

பெற்றோல் இல்லாத அந்த வருடம்
இதே ஒன்றரைப் போத்தலுக்காக
இரண்டு இரவு வரிசையில் நின்றேன்.
சீற்றில் தலை வைத்துத் தூங்கி,
யாரோ தட்டி எழுப்ப
நாலு அடி உருட்டி, திரும்பத் தூங்கி.
அவர் வீட்டில் பிள்ளையோடு.
மூன்றாம் நாள் காலை இதில்தான்
பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்,
நான் முன்னால், அவர் பின்னால்.

போத்தலை மூடும்போது
அவருக்கும் அது நினைவு வந்திருக்க வேண்டும்.
கந்தல் துணி எடுத்து
தாங்கி மூடியைச் சுற்றித் துடைத்தார்,
துடைக்க ஒன்றுமில்லாத இடத்தையும்.
விற்பது பற்றி அதற்குப் பிறகு கதை இல்லை.

வெறும் பெட்டிகளுக்கு நடுவே
என் பழைய போர்வை சுற்றி நிறுத்தினார்கள்.
நாலு பக்கமும் கயிறு.
கண்ணாடி இரண்டையும் கழற்றி
கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்தநாள் இரவு, செம்மணி தாண்டும்போது போன்.
"நோனா, பைக் வந்திட்டு. இங்க மழ. உங்கட பைக்குக் குளிருது."
தயாபரன் சிரித்ததில் வான் ஒருமுறை வளைந்தது.

பண்டாரவளையில் முதல் திங்கள்.
சீற்றைத் தூக்க, உள்ளே இரண்டு கரட்,
யார் வைத்ததோ.
பதினோராவது உதைக்குத்தான் எஞ்சின் இருமியது.
கந்தோர் ஏற்றத்தில்
பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்தே என்னை முந்தினார்கள்.
ஏறியது.
மெதுவாக, வெட்கமில்லாமல், ஏறியது.

மேலே நிறுத்திய பிறகுதான் தெரிந்தது,
கண்ணாடிகள் இன்னும் கைப்பையில்.