அறுபத்தொன்று

ஓட்சோவின் முகம் அதில் இல்லை.
யாருக்கோ செய்த தாடையை
இவன் பெயருக்கு மாட்டிவிட்டிருந்தார்கள்.
வேகம் ஐம்பத்தெட்டு, பொறுமை எழுபது,
மொத்தத்தில் அறுபத்தொன்று.
"பொறுமை எழுபதா!"
மீன்சூப்பைக் கிளறியபடி சிரித்தாள் ஹில்க்கா.

வெளியே கெமித் துறைமுகத்தில்
லாரி ஓடுமளவுக்குக் கடல் இறுகிக் கிடந்தது.
உள்ளே, முழங்காலுக்கடியில் இரண்டு தலையணை வைத்து
தன்னையே ஓட்டிக்கொண்டிருந்தான்.

திரையில் இருப்பவனுக்கு இடக்கைப் பழக்கம்.
பிழைதான். ஆனாலும்
மூன்றாம் கட்டத்தில், கம்பத்தை உரசி
ஒரு கோல் போட்டான்;
ஓட்சோ நான்கு பருவங்களில் போடாதது.
அரங்கமே எழுந்து கத்தியது.
ஒருவர் வாயிலிருந்தும் புகையவில்லை மூச்சு.

அடுத்த ஆட்டத்தில் ஹில்க்கா எதிரணி.
அகப்பையை வைத்துவிட்டு வந்தவள்
வந்த வேகத்தில்
அவனைப் பலகையோடு சேர்த்து அறைந்தாள்.
உள்ளங்கையில் கன்ட்ரோலர் ஒருமுறை உறுமி அடங்கியது.
ஆறு வாரம் ஓய்வு என்றது திரை.
ஒரே பொத்தானில் ஆறு வாரமும் போயிற்று.
காலை உதறக்கூட இல்லை,
சறுக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

ஓட்சோ தன் காலைப் பார்த்தான்.
பதினோராவது வாரம்.

புதிய அணிப்பட்டியல் தயார், இறக்கவா
என்று மூலையில் ஒரு மணி மினுங்கியது.
ஜனவரியில் ஒப்பந்தம் முறிந்த சேதி
இவர்கள்வரை போய்விட்டது போலும்.
'பிறகு' என்பதை அழுத்தினான்.
நேற்றும் அதைத்தான் அழுத்தியிருந்தான்.

அவள் பார்த்தாள். கேட்கவில்லை.
சூப் ஆறிக்கொண்டிருந்தது.
"இந்தத் தடவை மெதுவா மோதவா?"

"வேணாம்,
நல்லா மோது."