ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் பற்கள்

பென்னாகரத்திலிருந்து எட்டாவது நிறுத்தம்.
இறங்கினதும் ஆழ்குழாய், அப்புறம்தான் பள்ளி.
‘குடிக்காதீர்’ என்று
சிவப்பில் யாரோ எப்போதோ எழுதினதில்
வெயில் தின்றது போக
‘குடி’ மட்டும் மிச்சம்.

ஆடி மாதம் ஒரு சுற்றறிக்கை.
பிள்ளைகளின் பல்லைப் படமெடுத்து ஏற்றுங்கள்,
கறையைச் செயலி எண்ணிக்கொள்ளும்.
சுவரோரம் நிற்கவைத்து
ஈ சொல்லு, ஈ சொல்லு என்று
நாற்பத்தொரு வாய்களை எடுத்தேன்.
ஒரு பீரியட் போதாமல்
பி.டி. பீரியடையும் கடன் வாங்கினேன்.

அடுத்த வாரம் வரைபடத்தில்
எங்கள் ஊர்மேல் பச்சைப் புள்ளி.
பாதிப்பு இல்லை.
தலைமையாசிரியர் டீ வாங்கித் தந்தார்.
எந்தத் தண்ணீரில் போட்டதென்று கேட்காமல்
நானும் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு
‘தொழில்நுட்பமும் அறமும்’.
பயிற்சியில் கொடுத்த தாள் சொன்னது:
இரண்டு அணியாகப் பிரிக்கவும்.
இயந்திரம் வரமா சாபமா, விவாதிக்கவும்.
வரம் அணி கத்தியது. சாபம் அணி அதைவிட.
எனக்குத் தலைவலி.

வாயைக் கையால் மூடியே பேசும் மாதேஷ்
மேசைக்கு வந்தான்.
“மிஸ், என் பல்லு படத்தைக் காட்டுங்க.”
காட்டினேன்.
தும்பைப்பூ வரிசை.
“இது என் வாய் இல்ல மிஸ்”
என்று கையை எடுத்தான்.
கூழ் காய்ந்த சட்டி விளிம்புபோல
பல்லுக்குப் பல் பழுப்புக் கோடு.
எடுத்த அன்றைக்கு
அவன் என் முன்னால்தான் நின்றான்.
நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனைப் பிடுங்காத குறை.
அமைப்புகளுக்குள் புகுந்து நஸ்ரீன்தான் கண்டுபிடித்தாள்:
‘அழகூட்டல் இயக்கத்தில் உள்ளது.’
நான் அதைப் போடவில்லை.
அணைக்கவும் இல்லை.
தருமபுரியில் தவணைக்கு வாங்கின நாளிலிருந்து
அது தன்பாட்டுக்குப்
பரு துடைத்து, கருமை தேய்த்து,
எல்லாருக்கும் பல் விளக்கிவிட்டிருக்கிறது.

“அழகுன்னா வெள்ளைதான்னு அதுக்கு யார் மிஸ் சொன்னது?”
“செயலி பண்ணவங்க நம்ம ஊர்ப் பல்லைப் பாத்திருப்பாங்களா?”
“போன் காட்டுனதைச் செயலி நம்புச்சு,
செயலி சொன்னதை நீங்க நம்புனீங்க.
யாருமே பொய் சொல்லல.
அப்பப் பொய் எங்கேர்ந்து வந்துச்சு?”
இது கடைசி பெஞ்சு திருமால்.
அறிவியலில் பதினேழு மார்க்.

தாளைத் திருப்பினேன்.
பின்பக்கம் வெற்று.

சரி, மறுபடி எடுப்போம் என்றேன்.
சிவப்புப் புள்ளி விழுந்தால்தான்
ஆற்றுத் தண்ணீர் நம் குழாய்க்கும் வரும்.
எல்லாரும் எழுந்தார்கள்.
லாவண்யா எழவில்லை.
“என்னுது வெள்ளையாவே இருக்கட்டும் மிஸ்.
என் வாயை எந்த ஆபீஸ்ல யார் யார் பாப்பாங்க?
மொதல்லயே எங்களைக் கேட்டீங்களா?”

கேட்கவில்லை.
ஊரின் தண்ணீர் ஒரு பக்கம், அவள் வாய் ஒரு பக்கம் என்று
இரண்டு அணி பிரிக்க நா எழவில்லை.
மணி அடித்தும் ஒருவரும் பையைத் தூக்கவில்லை.
பேருந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயிற்று.

புதுப் படங்களை ஏற்றினேன்.
‘ஏற்கெனவே பதிவாகியுள்ளது’ என்றது செயலி.
கடைசியில், படமும் இல்லாமல் பேரும் இல்லாமல்
ஒருத்தர் வாயை ஒருத்தர் பார்த்து
அவர்களே எண்ணினார்கள்.
கோடு போட்ட தாளில் முப்பத்தாறு.
அதில் லாவண்யாவும் ஒன்று.
அடிக்கோடிட்டு, பதிவுத் தபால்.
பதில் இன்னும் வரவில்லை.

அன்றிரவு என் முகப்புப் படத்தைத் திறந்தேன்.
மூன்று வருடமாக அதில் சிரிக்கிறவளுக்கு
முன்பல்லில் கோடு கிடையாது.
எனக்கு உண்டு.
நானும் இந்தத் தண்ணீர்தான், நாலு ஊர் தள்ளி.
அவளைப் பொய் என்று
ஒருநாளும் நினைத்ததில்லை.

மாற்றலாம் என்று எடுத்தேன்.
ஈ சொன்னேன்.
மாற்றவில்லை, இன்னும்.